கோணக் கல்லியின் நடுவே ஓடிய எல்லை

மேடையின் நடுவில் அமர்ந்திருக்கும், எந்தப் பக்கமும் சாயாத தலைவர் பிரம்மநாயகம் அண்ணாச்சி அவர்களே! முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு கேஸ் சிலிண்டரைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்த பெரியவர்களே! மழை இருட்டியதும் கட்டிலுக்கு அடியில் செங்கல் அடுக்கிய கைகளால் இன்று கைதட்டக் காத்திருக்கும் தாய்மார்களே! தண்ணீருக்குப் பயந்து டோம்பிவிலிக்குக் குடிபோய், இந்தக் கூட்டத்துக்காக லோக்கல் ரயிலில் நின்றபடியே வந்து சேர்ந்திருக்கும் பழைய அண்டை வீட்டாரே! "அப்படி என்ன பெரிதாகக் கிழித்துவிட்டார்கள்" என்று பார்க்க வடாலாவிலிருந்தும் திலக் நகரிலிருந்தும் வந்திருக்கும் அன்பர்களே! தமிழ் நோட்டீஸைப் படிக்கத் தெரியாமல், "என்னடா போட்டிருக்கு?" என்று ஹிந்தியில் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கும் என் வயது நண்பர்களே! உங்கள் எல்லோருக்கும் ஸ்டெர்லினின் வணக்கம்!

அண்ணாச்சி என்னைச் சுருக்கமாகப் பேசச் சொல்லியிருக்கிறார். சுருக்கமாகப் பேசுகிறவனை மைக் முன்னால் விட மாட்டார்கள் என்பது அவருக்கே தெரியும்.

நண்பர்களே, பள்ளிக்கூடத்தில் பூகோளம் படித்தோம். கங்கை எங்கே பிறக்கிறது என்று கேட்டார்கள், சொன்னோம். கோதாவரி எங்கே கடலில் கலக்கிறது என்று கேட்டார்கள், சொன்னோம். நம் வீட்டு வாசலில் ஓடும் சாக்கடை எங்கே பிறக்கிறது, எங்கே கலக்கிறது, யாருக்குச் சொந்தம் என்று எந்த வாத்தியாராவது கேட்டாரா? எந்தப் பரீட்சையிலாவது வந்ததா? இன்று நான் கேட்கிறேன். பதில் சொல்ல வேண்டியவர்கள் இங்கே இல்லை. ஆகவே நானே சொல்கிறேன்.

வடக்கே மித்தி ஆறு. கிழக்கே சயான். மேற்கே மாகிம். தெற்கே மாட்டுங்காவின் தண்டவாளம். இவற்றின் நடுவில், சதுப்பைத் தூர்த்து, தூர்த்த மண்ணின்மேல் தகரம் நட்டு, தகரத்தின்மேல் மாடி கட்டி நாம் வாழும் தாராவி. இந்தத் தாராவிக்குள் ஒரு சந்து. நடுவில் முழங்கை மாதிரி மடங்கியிருப்பதால் கோணக் கல்லி. இந்த முனையில் நிற்பவனுக்கு அந்த முனையில் நடப்பது தெரியாது. இதை நினைவில் வையுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

இந்தக் கல்லியின் நடுவில் ஒரு சாக்கடை. ஒரு தாண்டில் தாண்டிவிடலாம். அந்தச் சாக்கடையின்மேல்தான், நமக்கு முகம் தெரியாத எவரோ, எப்போதோ, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, வரைபடத்தில் கோடு போட்டார். கோட்டுக்குக் கிழக்கே ஒரு வார்டு. மேற்கே இன்னொரு வார்டு. வரைபடத்தில் போட்ட கோட்டுக்கு அகலம் கிடையாது, நண்பர்களே! எங்கள் கல்லியில் அதற்கு அகலம் உண்டு, ஆழம் உண்டு, நாற்றம் உண்டு, கொசு உண்டு!

கிழக்கு வரிசை வீடுகளைக் கிழக்கு ஆபீஸ் பார்த்துக்கொள்ளும். மேற்கு வரிசையை மேற்கு ஆபீஸ் பார்த்துக்கொள்ளும். கோட்டை யார் பார்ப்பது? கிழக்கு ஆபீஸுக்குப் போனால், "உதர்வாலே கா ஹை", அந்தப் பக்கத்துக்காரர்களுடையது என்பார்கள். மேற்கு ஆபீஸுக்குப் போனால் அதே வார்த்தை, அதே கொட்டாவி. கொஞ்சம் உரக்கக் கேட்டால், "இரண்டு ஆபீஸ் இன்ஜினியரும் ஒரே நேரத்தில் வந்து ஜாயின்ட் இன்ஸ்பெக்‌ஷன் செய்ய வேண்டும். அதற்குத் தேதி ஒத்துவரவில்லை" என்பார்கள். கல்யாணத்துக்கு ஜாதகம் ஒத்துவரவில்லை என்பதைக் கேட்டிருக்கிறோம். சாக்கடைக்கு ஒத்துவராததை இங்கேதான் கண்டோம்!

இன்னும் உரக்கக் கேட்டால் கடைசி அஸ்திரம் ஒன்று இருக்கிறது: "எப்படியும் தாராவியையே இடித்துக் கட்டப்போகிறார்கள், இப்போது எதற்குச் செலவு?" ஐயா, என்றோ எழும்பப்போகும் மாடியைக் காட்டி, இன்று மலத்தண்ணீரில் நிற்கச் சொல்கிறீர்களா? நாளைக்குச் சாகப்போகிறவன்தானே என்று இன்றைக்குச் சோறு போடாமல் விடுவீர்களா?

மாநகராட்சிக்குத் தேர்தலே நடக்காமல் வருடங்கள் ஓடின. கேட்க ஓர் உறுப்பினர் இல்லை. பிறகு தேர்தல் வந்தது. கிழக்கு வரிசையில் ஓட்டுக் கேட்க ஒரு கூட்டம் வந்தது. மேற்கு வரிசைக்கு வேறொரு கூட்டம் வந்தது. ஒரு கூட்டமும் சாக்கடையைத் தாண்டவில்லை. தாண்டினால் வெள்ளை வேட்டி கறுத்துவிடும் என்று பயம். பைஜாமாவா? சரி, அந்த அக்கா சொல்வது சரி. பைஜாமா கறுத்துவிடும் என்று பயம்.

இதெல்லாம் அவர்கள் செய்தது. நாம் என்ன செய்தோம்? அதையும் சொல்லாமல் இறங்கினால் இந்த மைக் என்னை மன்னிக்காது.

நாம் படி கட்டினோம்! ஆமாம், வாசல்படி! ஒரு மழையில் சாக்கடை பொங்கிக் கிழக்கு வீடுகளுக்குள் புகுந்தது. கிழக்கு வரிசை வாசலில் ஒரு வரிசைக் கல் உயர்த்தியது. அடுத்த மழையில் தண்ணீர் மேற்கே திரும்பியது. மேற்கு வரிசை இரண்டு வரிசைக் கல் உயர்த்தியது. தண்ணீர் மறுபடி கிழக்கே வந்தது. ஆண்டுதோறும் மே மாதம் வந்தால் மணல் மூட்டை வந்துவிடும், சிமென்ட் வந்துவிடும், சண்டையும் வந்துவிடும். கடைசியில் வாசல்படி தொடை உயரத்துக்கு எழும்பி, சுவர் ஏறிக் குதித்துச் சொந்த வீட்டுக்குள் இறங்கும் ஒரே ஜனம் நாமாக இருந்தோம். திருடன் வந்தால்கூட மூச்சு வாங்கிவிட்டுத்தான் திருட வேண்டும்.

சாக்கடைக்கு எதிராகவா இந்தப் போர்? ஆபீஸுக்கு எதிராகவா? இல்லை, எதிர்வீட்டுக்கு எதிராக! இதில் ஜெயித்தது யார் தெரியுமா? இரண்டு பக்கமும் படி கட்டிய ஒரே கொத்தனார்! சிரிக்காதீங்க ஞானசேகரன் அண்ணாச்சி, எல்லாரும் உங்களைத்தான் பாக்காங்க.

இந்தப் போரில் அடிபட்டவர் ஒருவர் உண்டு. கலீலுல்லா பாய். கிழக்கு வரிசையில் பேக் தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். அவர் தைத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இந்த ஊரில் எத்தனையோ பேர் ஆபீஸ் போகிறார்கள். அந்த ஆபீஸர்கள் தோளிலும் ஒன்று தொங்கியிருக்கலாம். போன மழைக்காலத்தில் தன் வீட்டுப் படியிலிருந்து தானே வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து, கதவுப் பலகையில் படுக்க வைத்து, நாம்தான் அவரைப் படிக்கு மேலே தூக்கி உள்ளே இறக்கினோம். டாக்டர், "தினமும் வெளியே நடக்க வேண்டும், நடக்காவிட்டால் கால் மறந்துவிடும்" என்றார். வாக்கர் வாங்கினார்கள். வாக்கர் தரையில் நடக்கும். சுவர் ஏறுமா?

பத்தடி அறைக்குள் அவர் நடந்தார். வாசலைப் பார்த்துக் கட்டிலில் உட்கார்ந்தார். அந்த வாசலில் அவருக்குத் தெரிந்ததெல்லாம், சாக்கடைக்குப் பயந்து படிகளின் மேலேயே நடந்து போகிறவர்களின் கால்கள்தான். முகம் தெரியாது. கதவின் மேல்பாதியை மழைத் தார்ப்பாய் மறைத்திருந்தது. காலைப் பார்த்தே ஆளைச் சொல்வார். "என்ன ஸ்டெர்லின், செருப்பு வார் அறுந்துபோச்சு, தச்சுத் தரட்டா?" என்று என் காலோடு பேசுவார். சிரித்துக்கொண்டுதான் பேசுவார். ஆனால் நண்பர்களே, ஒரு மனிதன் தன் தெருவைக் கணுக்காலாக மட்டும் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் சிரிப்பான்?

அவர் மனைவி ராபியா அக்கா, எதிர்வீட்டு ஜெயசீலி அக்காவிடம் கேட்டார். இருவருக்கும் நடுவே சாக்கடை. இந்தப் பேச்சைக் கல்லியே கேட்டது.

"ஏட்டி ஜெயசீலி, ஒன் படியக் கொஞ்சம் எறக்கு. நானும் எறக்குதேன். அவரு வெளிய வரணும்ட்டி."

"நான் எறக்கினா தண்ணி எங்கக்கா போவும்? எம் புள்ள ஸ்வீட்டி படிக்கது தரையில. நீங்க மொதல்ல எறக்குங்க, பாப்போம்."

"நான் மொதல்ல எறக்கினா தண்ணி அவரு கட்டிலுக்குல்ல வரும்!"

"அப்பம் ரெண்டு பேரும் இப்பிடியே கெடப்போம்."

உள்ளேயிருந்து பாய் கத்தினார்: "ஏ, ரெண்டு பேரும் நிறுத்துங்க! எனக்குக் காலுதான் தெரியுது. வாயையாவது மூடிட்டுப் போங்க!"

கவனியுங்கள் நண்பர்களே. இதில் யார் கெட்டவர்? ஒருத்திக்குப் புருஷன். ஒருத்திக்கு மகள். ஒருவர் இறக்கினால் மற்றவரின் தண்ணீர் வரும். இருவரும் சேர்ந்து இறக்கினால் சாக்கடை இரண்டு வீட்டுக்குள்ளும் வரும். சாக்கடையைத் தோண்டிக் குழாய் போட்டு மூடாத வரையில் இருவரும் சொன்னது சரி. இரண்டு நியாயங்களை எதிரெதிரே நிறுத்தி, நடுவில் சாக்கடையை ஓடவிட்டு, இரண்டு ஆபீஸ்கள் தூங்கின. இதற்குப் பெயர் நிர்வாகமா? எனக்குத் தெரிந்த வேறு பெயர் இருக்கிறது. தாய்மார்கள் இருப்பதால் சொல்லவில்லை.

அடுத்த நாள் ஜெயசீலி அக்கா நம் கல்லிச் சங்கத்துக்கு வந்தார். முகம் வீங்கியிருந்தது. தூங்கவில்லை போலிருக்கிறது. தலைவர் அண்ணாச்சி வழக்கம்போல, "இன்னொரு மனு எழுதுவோம்" என்றார். மன்னியுங்கள் அண்ணாச்சி, நடந்ததைத்தான் சொல்கிறேன்.

ஜெயசீலி அக்கா சொன்னார்: "மனு குடுத்தா எவன் வருவான்? சால்வை போடுதோம்னு சொல்லுங்க. வேட்டிய மடிச்சிக் கட்டிட்டு ஓடி வருவான்."

கைதட்டுங்கள்! இந்தக் கல்லியின் சரித்திரத்தில் பேசப்பட்ட மிகச் சிறந்த அரசியல் வாக்கியம் அதுதான்!

நமக்கு வேறு எது தெரியாவிட்டாலும் விழா எடுக்கத் தெரியும். பல் விழுந்தாலும் விழா, பல் முளைத்தாலும் விழா. சால்வை, மாலை, மைக், "வருக வருக" என்று பேனர். இவ்வளவு காலம் இந்தத் திறமையை யாருக்குப் பயன்படுத்தினோம்? நம்மை மிதித்தவர்களுக்குப் பயன்படுத்தினோம். ஒரே ஒருமுறை நமக்காகப் பயன்படுத்துவோம் என்றார் அக்கா.

கிழக்கு ஆபீஸ் இன்ஜினியருக்குப் பாராட்டு விழா என்று கிழக்கு ஆபீஸுக்குப் போகும் முனையில் பேனர் கட்டினோம். மேற்கு ஆபீஸ் இன்ஜினியருக்குப் பாராட்டு விழா என்று மேற்கு ஆபீஸுக்குப் போகும் முனையில் பேனர் கட்டினோம். அதே நாள், அதே சாயங்காலம். கல்லிதான் கோணலாயிற்றே! ஒரு முனையில் நுழைந்தவருக்கு இன்னொரு முனை தெரியாது. மடங்கும் இடத்தில், சாக்கடைக்கு மேலே பலகை போட்டு மேடை. மேடையில் கிழக்குப் பக்கம் ஒரு நாற்காலி, மேற்குப் பக்கம் ஒரு நாற்காலி.

இரண்டு பக்கமும் நம் பையன்கள் பேஞ்சோ மேளம் வாசித்துக்கொண்டே அழைத்து வந்தார்கள். இன்ஜினியர்கள் இருவரும் மடக்கில் திரும்பினார்கள். மாலையும் கழுத்துமாக ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த முகங்களை நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். மனது சரியில்லாத நாட்களில் எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

திரும்பிப் போக முடியுமா? பின்னால் பேஞ்சோ. முன்னால் சால்வை. உட்கார்ந்தார்கள். சால்வை போட்டோம். நல்ல சால்வைதான், நாம் யாரையும் அவமதிக்கவில்லை. பிறகு ஜெயசீலி அக்கா மைக்கைப் பிடித்தார். அக்காவின் ஹிந்தியை உங்களுக்குத் தெரியும்.

"சாப், ஆப்கே குர்சி கே நீச்சே கட்டர் ஹை. யே கட்டர் கிஸ்கா ஹை?" உங்கள் நாற்காலிக்குக் கீழே இருக்கும் சாக்கடை யாருடையது?

கிழக்கு நாற்காலி மேற்கே கை காட்டியது. மேற்கு நாற்காலி கிழக்கே கை காட்டியது. ஒரே நேரத்தில்! கல்லி வெடித்துச் சிரித்தது. ஞானசேகரன் அண்ணாச்சி இரண்டு நாற்காலிக்கும் நடுவிலிருந்த பலகையைத் தூக்கினார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அந்த நாற்றம் ஹிந்தியிலும் புரியும், மராத்தியிலும் புரியும்.

மேற்கு இன்ஜினியர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "ஜாயின்ட் இன்ஸ்பெக்‌ஷன் கர்னா படேகா." செய்துதான் ஆக வேண்டுமாம்!

அவ்வளவுதான்! இங்கே நிற்கும் நசீர் கத்தினான்: "சாப், யஹீ தோ ஹை ஜாயின்ட் இன்ஸ்பெக்‌ஷன்! தோனோ ஹாஸிர்!" இதுதான் சாமி ஜாயின்ட் இன்ஸ்பெக்‌ஷன், ரெண்டு பேரும் வந்துட்டீங்களே!

எந்தத் தேதி ஒத்துவரவில்லை என்றார்களோ அந்தத் தேதி ஒத்துவந்துவிட்டது. அவர்கள் எழுதிய விதி, அவர்கள் நாற்காலிக்குக் கீழேயே வந்து நின்றது.

ராபியா அக்கா முன்னால் வந்தார். "ஒரு ஆளப் பாத்துட்டுப் போங்க" என்று சைகை காட்டினார். இருவரும் படி ஏறினார்கள். ஏறும்போதே ஒருவருக்கு முட்டி இடித்தது. தார்ப்பாயை விலக்கிக்கொண்டு உள்ளே இறங்கினார்கள். கட்டிலில் இருந்த பாய் முதலில் கால்களைத்தான் பார்த்தார்.

"ரெண்டு ஜோடி புது ஷூ. யாரு, மாப்பிள்ளைமாரா?" என்றார். பிறகு தலையைத் தூக்கினார். "முகமும் இருக்கே!" என்றார்.

அவர்கள் வெளியே வந்தபோது, கல்லியில் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ராபியா அக்கா வீட்டுப் படியில் ஒரு சம்மட்டி. ஜெயசீலி அக்கா வீட்டுப் படியில் ஒரு சம்மட்டி. ஒரே நேரத்தில் விழுந்தன! ஜெயசீலி அக்கா தன் சம்மட்டியை யாருக்கும் கொடுக்கவில்லை. வானத்தில் மேகம் கூடிக்கொண்டிருந்த மாதம் அது. குழாய் வராவிட்டால் இரண்டு வீடும் முழுகும். தெரிந்துதான் அடித்தார்கள். "இப்பம் தண்ணி வந்தா ரெண்டு பேருக்கும் வரட்டும்க்கா" என்றார் ஜெயசீலி அக்கா. ராபியா அக்கா அடுத்த அடி அடித்தார். அவர்களைப் பார்த்து அடுத்த வீடு. அதைப் பார்த்து அதற்கடுத்த வீடு. வளர்த்து வளர்த்து வைத்திருந்த அத்தனை படிகளும் அன்று சரிந்தன!

சால்வை போட்ட இரண்டு பேரும் அதே மைக்கில், அதே கூட்டத்தின் முன்னால், மழைக்கு முன் வேலை முடியும் என்றார்கள். நம்பினோமா? நம்பவில்லை! ஏன் நம்ப வேண்டும்? தினமும் போனோம். கிழக்கு வரிசையில் ஒருவர், மேற்கு வரிசையில் ஒருவர், ஜோடி ஜோடியாக. கிழக்கு ஆபீஸுக்கும் அந்த ஜோடி, மேற்கு ஆபீஸுக்கும் அதே ஜோடி. "உதர்வாலே" என்று சொல்ல வாய் திறந்தால், அந்தப் பக்கத்துக்காரரே எதிரில் நிற்கிறார்! எவ்வளவு எளிமை பாருங்கள். இத்தனை வருடம் நாம் ஏன் தனித்தனியாகப் போனோம்? ஏனென்றால் எதிர்வீட்டுக்காரன் ஜெயித்துவிடக் கூடாது என்று நினைத்தோம். அதுதான் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது.

தோண்டினார்கள். கறுப்புச் சேற்றை அள்ளினார்கள். குழாய் போட்டார்கள். மேலே கான்கிரீட் பலகை வைத்து மூடினார்கள். முதல் மழை வந்தது. எந்த வீட்டிலும் யாரும் கட்டிலுக்குக் கீழே செங்கல் வைக்காமல், எல்லோரும் வாசலில் நின்று தரையைப் பார்த்தோம். தண்ணீர் வந்தது, சுழன்றது, இறங்கியது. போயே போய்விட்டது! பக்கத்துச் சந்துக்காரர்கள் என்னமோ கல்யாணம் என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள். அந்த அளவுக்கு நாம் கத்தினோம்.

மழை விட்ட மறுநாள் காலை, வாக்கரின் சத்தம் கேட்டது. டக்... டக்... கலீலுல்லா பாய் வெளியே வந்தார். யாரும் தூக்கவில்லை. யாரும் பிடிக்கவில்லை. படி இருந்த இடத்தில் படி இல்லை. சாக்கடை இருந்த இடத்தில் சாக்கடை இல்லை. வார்டு எல்லையின்மேல் ஏறி நின்றார். அங்கேயே நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு எல்லையைத் தாண்டி ஜெயசீலி அக்கா வாசலுக்குப் போனார்.

"ஏம்மா ஜெயசீலி, நீ இவ்வளவு நரைச்சிப் போனியா?" என்றார்.

"ஆமா பாய். ஒங்களோட சண்ட போட்டே நரைச்சிட்டேன். டீ குடிக்கீங்களா?" என்றார் அக்கா. சொல்லிவிட்டு உள்ளே போனவர் டீ கொண்டுவர நெடுநேரம் ஆனது. ஏன் என்று கேட்க வேண்டாம்.

நண்பர்களே! இதைச் சலுகை என்று யாராவது சொன்னால் வாயை மூடச் சொல்லுங்கள். இது தயவு அல்ல; நமக்கு வர வேண்டியது! காலம் கடந்து வந்தது, கத்திய பிறகு வந்தது, ஆனால் வந்தது! இந்த மேடையில் இன்று ஒரு சால்வையும் கிடையாது. கவனித்தீர்களா? வேலையைச் செய்தவனுக்கு வேலையைச் செய்ததற்காகச் சால்வை போடும் வழக்கம் கோணக் கல்லியில் முடிந்துவிட்டது!

வரைபடத்தில் கோடு இன்னும் இருக்கிறது. இருக்கட்டும்! கோடு போட்டவர் வந்து பார்க்கட்டும். அதன்மேல் எங்கள் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அதன்மேல் இட்லிப் பானை இறங்குகிறது. அதன்மேல் ஒரு கால் கிழக்கிலும் ஒரு கால் மேற்கிலும் வைத்து நான் நின்றுகொண்டிருக்கிறேன். எந்த ஆபீஸ் என்னைக் கீழே இறக்கும்? வடாலா நண்பர்களே, திலக் நகர் நண்பர்களே, உங்கள் ஊரிலும் இப்படிக் கோடுகள் இருக்கும். யாருடையது என்று கேட்டுக்கொண்டு தனியாகப் போகாதீர்கள். எதிர்வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு போங்கள். அவரோடு பேச்சுவார்த்தை இல்லையென்றால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அதுதான் கஷ்டமான வேலை. ஆபீஸ் அப்புறம் சுலபம்.

முடித்துக்கொள்கிறேன். முன்வரிசையில் கலீலுல்லா பாய் வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். கூட்டம் தொடங்கும் முன்பே என்னிடம் சொன்னார்: "நீ எவ்வளவு வேணும்னாலும் பேசு. நான் போகும்போது யாரும் தூக்க வராதீங்க. வழி மட்டும் விடுங்க." ஆகவே தலைவருக்கு நன்றி, தாய்மார்களுக்கு நன்றி, மைக் செட்காரருக்கு நன்றி, இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்ட உங்கள் காதுகளுக்கு நன்றி. கிழக்கு வரிசைக்கும் மேற்கு வரிசைக்கும் சேர்த்து ஒரே வணக்கம்.

வழி விடுங்கள். பாய் வீட்டுக்கு நடந்து போகிறார்.